ஆங்கெலோஸ் ஹரிஸ்தேயாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கக் கால்பந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கிரீஸ் வென்ற 2004 யூரோ கோப்பை, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி. அந்தக் கோப்பையை நினைத்தால் கண்முன் வருவது ஒரு கார்னர் (திடலின் மூலையிலிருந்து உதைக்கும் பந்து), ஒரு தலைமுட்டு, ஒரு கோல். அந்தக் கோலை அடித்த ஆங்கெலோஸ் ஹரிஸ்தேயாஸ் அதற்கு முன் யார், பின் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹரிஸ்தேயாஸை "ஒரு கோல் ஆட்டக்காரர்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதைப் பதில்களில் சொல்கிறேன்.

பெயரை எப்படிச் சொல்வது?

ஆங்கில எழுத்தைப் பார்த்து "கரிஸ்டியாஸ்", "சாரிஸ்டியாஸ்" என்றெல்லாம் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் முதல் எழுத்தின் ஒலி நம் "அகம்" என்ற சொல்லின் நடுவில் வரும் மெலிந்த "க" போன்றது. ககரத்துக்கும் ஹகரத்துக்கும் இடைப்பட்டது. அழுத்தம் "தே"யில் விழும். ஆகவே ஹரிஸ்தேயாஸ். ஆங்கெலோஸ் என்றால் தூதர், தேவதூதர். இறுதிப்போட்டியில் கார்னர் உதைத்த பசினாஸின் முதற்பெயரும் ஆங்கெலோஸ்தான்.

எங்கே பிறந்தார், எங்கே ஆடத் தொடங்கினார்?

1980 பிப்ரவரி 9 அன்று வட கிரீஸின் செர்ரெஸ் பகுதியில் பிறந்தார். சொந்த வட்டாரத்துச் சிறிய அணியில் விளையாடி, 1997-இல் தெஸ்ஸலோனிகி நகரத்தின் ஆரிஸ் கிளப்புக்கு வந்தார். இடையில் கொஞ்ச காலம் அதினாய்கோஸ் கிளப்புக்குக் கடனாகப் போய் ஆடிவிட்டுத் திரும்பினார். கிரீஸில் பணமும் பட்டங்களும் பெரும்பாலும் ஏதென்ஸ், பிரேயஸ் பக்கத்துப் பெரிய கிளப்புகளிடமே குவியும். ஒலிம்பியாகோஸ், பனதினாய்கோஸ், ஏ.இ.கே. என்று மூன்று பெயர்கள். ஹரிஸ்தேயாஸ் அந்த மூன்றில் எதிலும் ஆடாமலே தேசிய அணிக்குள் நுழைந்தவர்.

உயரம் 1.91 மீட்டர். அவருடைய கதையில் பாதி அந்த உயரம்தான். மீதிப் பாதி, எப்போது எங்கே போய் நிற்க வேண்டும் என்ற கணக்கு.

இங்கிலாந்தின் பெக்காம் கடைசி நிமிடத்தில் ஃப்ரீ கிக் அடித்த ஆட்டத்தில் இவரும் இருந்தாரா?

இருந்தார். அந்த ஆட்டத்தின் முதல் கோலே இவருடையதுதான்.

2001 அக்டோபர் 6, ஓல்டு டிராஃபோர்டு. 2002 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதிபெற இங்கிலாந்துக்கு அன்று ஒரு புள்ளியாவது தேவைப்பட்டது. கிரீஸோ ஏற்கெனவே வாய்ப்பிழந்த அணி. 36-ஆவது நிமிடத்தில் ஹரிஸ்தேயாஸ் கோல் அடித்தார். இங்கிலாந்தின் ஷெரிங்ஹாம் சமன் செய்ய, அடுத்த நிமிடமே நிகோலாய்திஸ் கிரீஸை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துத் தந்த நேரத்தில் பெக்காம் அடித்த ஃப்ரீ கிக் ஆட்டத்தை 2-2 ஆக்கியது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த உதையை மட்டும்.

ஜெர்மன்காரரான ஓட்டோ ரெஹாகல் கிரீஸின் பயிற்சியாளராகி இரண்டே மாதம் ஆகியிருந்தது. அவருடைய முதல் ஆட்டத்தில் ஃபின்லாந்திடம் 5-1 என்று தோற்றிருந்தார்கள். அடுத்த ஆட்டம் இது. ஐந்து கோல் வாங்கிய அணி, ஒரே மாதத்தில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் திணறடித்தது. மூன்று வருடம் கழித்து நடக்கப்போவதன் முன்னோட்டமாகத்தான் இந்த ஆட்டத்தை நான் பார்க்கிறேன்.

ஜெர்மனிக்கு எப்போது போனார்?

2002-இல், வெர்டர் பிரெமன் கிளப்புக்கு. 1981 முதல் 1995 வரை அதே பிரெமனில் பயிற்சியாளராக இருந்து இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் ரெஹாகல். தேசியப் பயிற்சியாளர் நன்றாக அறிந்த ஊரில்தான் அவருடைய ஸ்டிரைக்கர் (கோல் அடிக்க வேண்டிய முன்கள வீரர்) போய்ச் சேர்ந்தார்.

2003-04 பருவத்தில் பிரெமன் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை இரண்டையும் வென்றது. லீக் பட்டம் முனிச்சில், பயேர்ன் அணியை அதன் திடலிலேயே 3-1 என்று வென்று உறுதியானது. ஆனால் ஹரிஸ்தேயாஸுக்கு அது பெரும்பாலும் பெஞ்சில் கழிந்த பருவம். பிரேசில்காரர் அய்ல்டன் 28 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தார். அவருக்குத் துணையாக இவான் கிளாஸ்னிச். பயிற்சியாளர் தாமஸ் ஷாஃப் அந்த ஜோடியை ஏன் கலைக்கப் போகிறார்?

சொந்த கிளப்பில் நிரந்தர இடம் இல்லாத ஒருவர், அதே கோடையில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப்போட்டியில் கோல் அடித்தார். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

2004-க்கு முன் கிரீஸ் உண்மையிலேயே அவ்வளவு பலவீனமான அணியா?

பெரிய போட்டிகளில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி. 1980 யூரோவில் ஒரு டிரா மட்டும். 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. பத்து கோல் வாங்கினார்கள், ஒன்றுகூட அடிக்கவில்லை. 2004-இல் சூதாட்ட நிறுவனங்கள் கிரீஸ் கோப்பை வெல்வதற்கு 150-க்கு 1 என்று வைத்ததில் வியப்பில்லை.

ஆனால் தகுதிச்சுற்றை உற்றுப் பார்த்தவர்களுக்கு வேறு படம் தெரிந்திருக்கும். முதல் இரண்டு ஆட்டத்தில் ஸ்பெயினிடமும் உக்ரைனிடமும் 2-0, 2-0 என்று தோல்வி. அதற்குப் பின் ஆறு ஆட்டம் வரிசையாக வெற்றி. ஸ்பெயினை அதன் நாட்டிலேயே 1-0 என்று வீழ்த்தினார்கள். நான்கு நாள் கழித்து ஏதென்ஸில் உக்ரைனுடன் ஆட்டம். கோல் இல்லாமல் முடியப்போகிறது என்றிருந்தபோது 86-ஆவது நிமிடத்தில் ஹரிஸ்தேயாஸ் அடித்தார். அதுவும் 1-0. பிரிவில் கிரீஸ் முதலிடம் பிடிக்க, ஸ்பெயின் பிளே ஆஃப் ஆடித்தான் உள்ளே வர முடிந்தது.

அந்த 86-ஆவது நிமிட கோலை யாரும் பேசுவதில்லை. அது விழாமல் போயிருந்தால் 2004 யூரோ நடந்த போர்ச்சுகலுக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கலாம்.

ரெஹாகலின் அணியில் ஸ்டிரைக்கருக்கு என்ன வேலை?

"பின்னால் பூட்டிவிட்டு முன்னால் காத்திருந்தார்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பதும் ஒரு வேலை. அதற்கு ஓட வேண்டும்.

2004-இல் மற்ற அணிகள் மண்டலக் காவலுக்கு (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் முறைக்கு) மாறிவிட்ட காலத்தில் ரெஹாகல் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும் பழைய முறையையே வைத்திருந்தார். எல்லோருக்கும் பின்னால் உயரமான திரையானோஸ் தெல்லாஸ், தப்பி வரும் பந்தைத் துப்புரவு செய்பவராக. முன்னால் நடுவில் பெரும்பாலும் ஸிஸிஸ் வ்ரீஸாஸ். ஹரிஸ்தேயாஸ் பல நேரம் வலப்பக்கம். எதிரணியின் இடது பின்கள வீரர் முன்னேறினால் அவரைத் துரத்திக்கொண்டு கீழே ஓட வேண்டியவர் அவர்தான். பந்து மீண்டதும் அதே ஆள் திரும்ப மேலே ஓடி, கிராஸ் (பக்கத்திலிருந்து உள்ளே போடும் பந்து) வரும்போது கோல் வாசலில் இருக்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் அப்படிப்பட்ட பந்து இரண்டோ மூன்றோ வரும். சில ஆட்டத்தில் ஒன்றுதான். எழுபது நிமிடம் பந்தைத் தொடாமல் ஓடிவிட்டு, வந்த ஒரே பந்தில் தலை சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்கடி பந்து கிடைக்கிற ஸ்டிரைக்கருக்கு ஒரு வாய்ப்பு தவறினால் அடுத்தது உண்டு. இவருக்கு அந்த வசதி இல்லை.

2004 யூரோவில் மொத்தம் எத்தனை கோல்?

மூன்று. ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் அணிகளுக்கு எதிராக ஆளுக்கொன்று. கிரீஸ் அந்தப் போட்டி முழுக்க அடித்ததே ஏழு கோல். அதிக கோல் அடித்தவருக்கான விருது ஐந்து கோலுடன் செக் வீரர் மிலான் பரோஷுக்குப் போனது.

ஸ்பெயினுக்கு எதிரான கோல் ஏன் முக்கியம்?

ஏனென்றால் அது இல்லாமல் மற்ற இரண்டும் இல்லை.

தொடக்க ஆட்டத்தில் போட்டியை நடத்திய போர்ச்சுகலையே கிரீஸ் 2-1 என்று வென்றிருந்தது. ஜூன் 16 அன்று ஸ்பெயினுடன் இரண்டாவது ஆட்டம். 28-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் மொரியென்டெஸ் அடித்துவிட்டார். 66-ஆவது நிமிடத்தில் வசிலிஸ் சியார்தாஸ் தூரத்திலிருந்து குறுக்காக ஒரு நீண்ட பந்தைத் தூக்கிப் போட, ஹரிஸ்தேயாஸ் அதைக் கட்டுப்படுத்தி இடது காலால் வலைக்குள் அனுப்பினார். தலையால் மட்டும்தான் அடிப்பார் என்பவர்கள் இந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். 1-1.

கடைசிப் பிரிவு ஆட்டத்தில் ரஷ்யாவிடம் கிரீஸ் 2-1 என்று தோற்றது. ஸ்பெயினும் கிரீஸும் நான்கு புள்ளி. இரண்டுக்கும் கோல் வித்தியாசம் பூஜ்யம். அடித்த கோல்களின் எண்ணிக்கையில் கிரீஸ் நான்கு, ஸ்பெயின் இரண்டு. அந்த இழையில்தான் கிரீஸ் காலிறுதிக்குப் போனது.

பிரான்ஸை எப்படி வீழ்த்தினார்கள்?

ஜூன் 25, லிஸ்பன். ஜிதான், ஆன்ரி, துராம், பார்தெஸ் இருந்த நடப்புச் சாம்பியன் அணி. ஆன்ரிக்கு யூர்காஸ் செய்தரிதிஸ் நிழலாக ஒட்டிக்கொண்டார்.

65-ஆவது நிமிடத்தில் அணித் தலைவர் தியோதோரோஸ் ஸகோராகிஸ் வலப்பக்கம் பந்தைப் பெற்றார். எதிரே அனுபவசாலியான லிஸராஸு. ஸகோராகிஸ் பந்தை அவர் தலைக்கு மேல் மெல்லத் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபடி பிடித்து, கிராஸ் போட்டார். ஹரிஸ்தேயாஸ் காவலின்றி நின்று, கழுத்தை முழுதாகத் திருப்பி முட்டினார். பார்தெஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1-0.

அழகு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். அதில் பெரும்பங்கு ஸகோராகிஸுடையது. போட்டியின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்ததில் நியாயம் உண்டு.

அரையிறுதியில் கோல் அடிக்கவில்லையே?

இல்லை, அதை அடித்தவர் தெல்லாஸ். அன்று "சில்வர் கோல்" விதி நடைமுறையில் இருந்தது. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது யார் முன்னணியில் இருக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. செக் குடியரசுக்கு எதிராக அந்த முதல் பாதியின் கடைசி நொடிகளில் சியார்தாஸின் கார்னரைத் தெல்லாஸ் தலையால் உள்ளே தள்ளினார். பதில் சொல்ல செக் அணிக்கு நேரமே இல்லை.

காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் 1-0. மூன்று கோலும் தலையால்.

இறுதிப்போட்டியின் கோலை விவரிக்க முடியுமா?

2004 ஜூலை 4, லிஸ்பனின் லூஸ் அரங்கம். நமக்கு இங்கே நள்ளிரவு 12.15-க்குத் தொடங்கிய ஆட்டம். கோல் விழும்போது மணி கிட்டத்தட்ட ஒன்றரை. ஒரு பெரிய தொடரின் தொடக்க ஆட்டத்தில் மோதிய அதே இரண்டு அணிகள் இறுதியிலும் மோதின. போர்ச்சுகல் பக்கம் ஃபிகோ, டெக்கோ, பத்தொன்பது வயது ரொனால்டோ. கிரீஸுக்கு நடுக்களத்தில் கரகூனிஸ் இல்லை, மஞ்சள் அட்டைகளால் தடை.

57-ஆவது நிமிடம். செய்தரிதிஸ் வலப்பக்கம் முன்னேறி ஒரு கார்னர் வாங்கித் தந்தார். அந்த ஆட்டத்தில் கிரீஸுக்குக் கிடைத்த ஒரே கார்னர் அதுதான். பசினாஸ் பந்தை வைத்து உதைத்தார். பந்து கோல் வாசலை நோக்கி வளைந்து வந்தது. கோல்கீப்பர் ரிக்கார்டோ கோல் கோட்டிலிருந்து வெளியே வந்தார். பாதி தூரம்தான் வந்தார். அந்த இடைவெளியில் ஹரிஸ்தேயாஸ் எழும்பினார். பக்கத்தில் நின்ற காஸ்டின்யா எழும்புவதற்குள் இவர் உச்சியில் இருந்தார். பந்து நெற்றியில் பட்டது. ரிக்கார்டோவின் கை எட்டாமல் போனது. வலை அசைந்தது.

இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும்போதும் எனக்கு அந்தக் கணத்தில் மூச்சு நின்றுதான் போகிறது. முடிவு தெரிந்த ஆட்டம்தான், இருந்தாலும் ரிக்கார்டோ இந்த முறை எட்டிவிடுவாரோ என்று மனம் பதறும்.

அது போர்ச்சுகலின் தவறு, கிரீஸுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்களே?

தவறு இருந்தது. கோல்கீப்பர் வெளியே வந்தால் பந்தைத் தொட்டாக வேண்டும், இல்லை என்றால் கோட்டிலேயே நிற்க வேண்டும். காவலில் இருந்தவரும் ஆளைத் தவறவிட்டார். ஆனால் காலிறுதியில் பிரான்ஸும் தவறவிட்டது, அரையிறுதியில் செக் அணியும் தவறவிட்டது. மூன்று ஆட்டத்தில் மூன்று அணிகள் ஒரே மாதிரி தவறு செய்கின்றன என்றால், அந்தத் தவறைச் செய்ய வைத்தவர்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டாமா? உயரமான ஆட்கள், ஒழுங்கான உதை, பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்த ஓட்டம். அதிர்ஷ்டம் ஒரு ஆட்டத்துக்குக் கைகொடுக்கும்.

சலிப்பான ஆட்டம் என்ற குற்றச்சாட்டு?

பார்க்க எல்லோருக்கும் பிடித்த ஆட்டம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரீஸிடம் ஜிதான் இல்லை, ஃபிகோ இல்லை. இருக்கிற ஆட்களை வைத்து எதிரியின் பலத்தை எப்படிக் கட்டிப்போடுவது என்று யோசித்து ஆடினார்கள். போட்டியின் தொடக்க விழாவில் கப்பல் ஒன்று இடம்பெற்றபோது, நாமும் கடற்கொள்ளையர் ஆவோம் என்ற பொருளில் ஒரு கிரேக்க வர்ணனையாளர் பேச, "கொள்ளைக் கப்பல்" என்பதே அந்த அணியின் செல்லப்பெயர் ஆனது. ரெஹாகலைப் புராண வீரன் ஹெராக்ளிஸ் பெயரோடு சேர்த்து "ரெஹாக்ளிஸ்" என்றார்கள். மறுநாள் ஏதென்ஸில், 1896 ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கத்தில் அணியை வரவேற்க நகரமே திரண்டது.

அதற்குப் பிறகு ஏன் பெரிய கிளப்புகளில் ஜொலிக்கவில்லை?

அய்ல்டன் பிரெமனை விட்டுப் போனதும் இடம் கிடைக்கும் என்று பார்த்தால், அதே கோடையில் மிரோஸ்லாவ் க்ளோசெ வந்து சேர்ந்தார். 2005 ஜனவரியில் ஹரிஸ்தேயாஸ் அயாக்ஸ் போனார். அங்கே 2006-இல் நெதர்லாந்துக் கோப்பையை வென்றார். ஆனால் அந்த ஜனவரியில் ஹுன்டெலார் வந்ததும் மறுபடி இடப்பிரச்சினை. கோடையில் நேரே ஃபெயெனோர்டுக்குப் போனார். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸும் ராட்டர்டாமின் ஃபெயெனோர்டும் பரம எதிரிகள். ஒன்றில் ஆடிவிட்டு மற்றொன்றின் ரசிகர் மனதில் இடம்பிடிப்பது லேசான காரியமா?

2007-இல் நியூர்ன்பெர்க், 2009-இல் அங்கிருந்து கடனாக லெவர்குசென், 2010-இல் பிரான்ஸின் ஆர்ல்-அவிஞ்ஞோன், 2011-இல் சில மாதம் ஷால்கே, பின் தாய்நாட்டுக்குத் திரும்பி அக்ரினியோ நகரத்தின் பனெடோலிகோஸ். நீண்ட பட்டியல், எதிலும் வேரூன்றவில்லை.

என் கணிப்பு இது. அயாக்ஸ் போன்ற அணி ஸ்டிரைக்கரிடம் எதிர்பார்ப்பது, குறுகிய இடத்தில் பந்தை வாங்கித் தரையோடு விளையாடுவதை. அவர் பழகியது ஓடி, காத்து, ஒரு பந்தை முடிப்பதை. கிரீஸ் அவரைச் சுற்றி அமைந்திருந்தது. கிளப்புகள் அவரைத் தங்களுக்கேற்ப வளைக்கப் பார்த்தன.

தேசிய அணியில் 2004-க்குப் பின்?

அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே கிரீஸ் தடுக்கியது. 2004 செப்டம்பரில் அல்பேனியாவிடம் 2-1 தோல்வி. 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

2008 யூரோவில் நடப்புச் சாம்பியனாகப் போய் மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். அடித்தது ஒரே கோல். யார் அடித்தது என்று ஊகித்திருப்பீர்கள். சால்ஸ்பர்கில், 42-ஆவது நிமிடத்தில், கரகூனிஸின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டியவர் ஹரிஸ்தேயாஸ். எதிரணி ஸ்பெயின். ஸ்பெயின் திரும்பி வந்து 2-1 என்று வென்றது, அந்தக் கோப்பையையும் வாங்கியது.

2010 உலகக் கோப்பையிலும் தென் கொரியாவுக்கு எதிராகக் களமிறங்கினார். அதற்குள் தியோஃபானிஸ் கெகாஸ், சல்பிங்கிதிஸ், சமராஸ் போன்றவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

மொத்தக் கணக்கு என்ன?

கிரீஸுக்காக 88 ஆட்டம், 25 கோல். நிகோஸ் அனஸ்தோபூலோஸ் அடித்த 29 கோலுக்கு அடுத்த இடம்.

அப்படியானால் "ஒரு கோல் ஆட்டக்காரர்" என்பது தவறா?

தவறு. ஓல்டு டிராஃபோர்டில் ஒன்று, உக்ரைனுக்கு 86-ஆவது நிமிடத்தில் ஒன்று, ஸ்பெயினுக்கு இரண்டு யூரோவிலும் ஒவ்வொன்று, பிரான்ஸுக்கு ஒன்று, போர்ச்சுகலுக்கு ஒன்று. இவற்றில் எதுவும் ஏற்கெனவே மூன்று கோல் முன்னணியில் இருக்கும்போது நான்காவதாக அடித்தது அல்ல. ஒவ்வொன்றும் ஆட்டத்தின் போக்கை மாற்றியது, அல்லது ஆட்டத்தையே முடித்தது.

இறுதிப்போட்டியின் கோலைத் திரும்பப் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

பந்தைப் பார்க்காதீர்கள், அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பசினாஸ் கார்னர் உதைக்க ஓடி வரும்போதே கோல் வாசலில் நிற்கும் உயரமான நீலச் சட்டைக்காரரைப் பாருங்கள். அவர் கால் எப்போது தரையை விட்டு எழும்புகிறது, பக்கத்தில் நிற்பவர் கால் எப்போது எழும்புகிறது என்று மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவருக்கு அப்போது வயது 24.